தண்ணீர் சிந்தாத வண்டி

கண்ணாடியைப் படுக்கப் போட்டு ஏற்றுகிறவனைக் கண்டால் மேஸ்திரிக்குப் பற்றிக்கொண்டு வரும். கண்ணாடி நிற்க வேண்டும். லேசான சாய்மானம், இடுக்குகளில் மெத்தை, மேலே பட்டை. பட்டையை இறுக்க வேண்டும், ஆனால் நெரிக்கக் கூடாது. அப்புறம் ரோட்டில் உள்ள மேடு பள்ளமெல்லாம் சக்கரத்துக்குத் தெரிவதற்கு முன்னால் ஓட்டுகிறவளுக்குத் தெரிந்துவிட வேண்டும். கண்ணாடிப் பட்டறையில் அறுக்கிற வேலை அவள் புருஷனுக்கு, கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை அவளுக்கு. மேஸ்திரி என்று பேர் வைத்ததே அவர்தான். கல்யாணமான புதிதில் கேலிக்கு வைத்தது, பிறகு பட்டறை முழுக்க அந்தப் பேரே ஒட்டிக்கொண்டது. அவள் ஏற்றிப்போன கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தது என்று இன்றுவரை எவனும் வாயைத் திறந்தது கிடையாது. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சநஞ்சமில்லை. உழைத்துச் சம்பாதித்த பெருமைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நாமும் விட்டிருப்போம், அவர் விஷயத்தில் மட்டும் அதைக் கொண்டுவராமல் இருந்திருந்தால்.

அவருக்கு நோய் முதுகெலும்பில் வந்தது. கனம் தூக்கித் தூக்கி வந்த பிடிப்பு என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். புற்று என்று தெரிந்தபோது அது இடுப்பு, விலா என்று குடியேறி உட்கார்ந்துவிட்டது. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். வீட்டுக்குக் கூட்டிப்போங்கள், வலி தெரியாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்சில் வீட்டுக்கு வந்த அந்த ஒரு பயணத்தில், குண்டும் குழியுமான ரோட்டில் வண்டி குதித்த ஒவ்வொரு குதிப்புக்கும் அவர் போட்ட சத்தம் இருக்கிறதே! மனுஷன் போடுகிற சத்தமே இல்லை அது. மேஸ்திரி காதைப் பொத்திக்கொண்டாள். பொத்திக்கொண்டதற்காக அன்று முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாள். இனி இவரை யாரும் குலுக்க விடமாட்டேன் என்று அன்றே முடிவு கட்டினாள்.

அப்படி இருக்கும்போதுதான் அவர் மகளைப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஒரே மகள். மேட்டு நிலத்து நகரம் ஒன்றில், ஒரு பகல் முழுக்க ஓட்டிப் போகிற தூரத்தில், புருஷனோடு இருந்தாள். இரண்டு தடவை கலைந்து, மூன்றாவதாகத் தங்கி, வாயும் வயிறுமாக இருந்தாள். கட்டிலை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று அவள் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவளால் வர முடியாது. அவராலோ காத்திருக்க முடியாது.

"தெனமும் போன்ல பாத்துட்டுதான இருக்கீங்க?" என்றாள் மேஸ்திரி.

"அது கண்ணாடிக்குள்ள இருக்குற பொம்ம. அது தலையில கை வைக்க முடியுமா என்னால? ஒரு தடவ கை வச்சிட்டேன்னா போதும், அப்புறம் நீ என்னை எங்க வேணா இறக்கி வை."

விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் என்ற சொல்லையே மேஸ்திரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. மிச்சம் இருந்தது பட்டறையின் மின்சார லாரி. முன்னால் இரண்டு வரிசை இருக்கை, பின்னால் கண்ணாடி ஏற்றும் தொட்டி. எஞ்சின் உதறல் கிடையாது, கியர் மாற்றுகிற வெட்டு கிடையாது. நின்ற இடத்திலிருந்து எண்ணெய் வழிகிற மாதிரி கிளம்பும். வாங்கிய நாளிலிருந்து அவளுக்கு அது செல்லப் பிள்ளை.

ஆனால் காலி லாரி குதிக்கும். கனத்தைத் தாங்குவதற்கென்றே செய்த ஸ்பிரிங், கனம் இல்லாவிட்டால் விறைத்துக்கொண்டு நிற்கும். சின்னக் கல்லுக்கும் தூக்கிப் போடும். இது கண்ணாடி ஏற்றுகிற யாருக்கும் தெரியும். மேஸ்திரி பின் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டு, கையில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு, கொழுந்தனை வண்டி ஓட்டச் சொன்னாள். தெருக்கோடி போவதற்குள் பாதித் தண்ணீர் மடியில். இறங்கி வந்து தொட்டியில் மணல் மூட்டைகளை அடுக்கினாள். மறுபடி ஒரு சுற்று. இன்னும் கொஞ்சம் மூட்டை. டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினாள். கடைசியில் டம்ளரில் தண்ணீர் ததும்பியதே தவிர ஒரு சொட்டு வெளியே விழவில்லை. அவள் முகத்தில் அன்றுதான் கொஞ்சம் தெளிச்சி வந்தது.

கொழுந்தனுக்கு முகம் தெளியவில்லை. அவன் மருந்துக் கடையில் விற்பனைக் கணக்குப் பார்க்கிறவன், கட்டை விரலால் போனைத் தேய்த்தபடி எதையும் முன்கூட்டியே பார்த்துவிட நினைக்கிற ஆள். "அண்ணி, இவ்ளோ வெயிட்ட ஏத்திக்கிட்டு, டயரையும் பஞ்சு மாதிரி ஆக்கிட்டீங்க. கடைசிப் பாதி பூரா ஏத்தம். வண்டி சார்ஜைக் குடிச்சுத் தள்ளிடும்."

"குடிச்சா ஊத்திக்கலாம். வழியெல்லாம் சார்ஜர் இருக்குன்னு உன் போன்தான சொல்லுது?"

"போன் சொல்லுது. சார்ஜர் சொல்லணுமே."

விடிந்ததும் கிளம்பினார்கள். பின் இருக்கையில் கண்ணாடிப் பெட்டியின் மெத்தைகளை அடுக்கி, அவரை நிற்கவும் இல்லாமல் படுக்கவும் இல்லாமல் ஒரு சாய்வில் பொருத்தி, பட்டையை நெரிக்காமல் கட்டினாள். அவருக்குப் பக்கத்தில், கதவில் இருந்த குழியில் அந்த டம்ளரை நிறையத் தண்ணீரோடு வைத்தாள்.

"உடையும் பொருள், கவனம்னு ஒரு சீட்டு எழுதி என் நெத்தியில ஒட்டிடேன்" என்றார் அவர்.

"வாய மூடிட்டு வாங்க."

"எந்தப் பக்கம் மேல்னு அம்புக்குறி போட மறந்துடாத மேஸ்திரி."

கொழுந்தன் சிரித்தான். மேஸ்திரியும் சிரித்தாள், பின்னால் காட்டுகிற கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே. மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தது அதுதான் கடைசி.

காலை முழுக்க வண்டி வாய்க்கால் தண்ணீர் மாதிரி போனது. அவர் தூங்கினார். தோலில் வலி மருந்துப் பிளாஸ்திரி ஒட்டியும் வீட்டில் இரண்டு நிமிஷம் சேர்ந்தாற்போல் தூங்காத மனுஷன் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டார். அந்தக் குறட்டையைக் கேட்டு மேஸ்திரிக்குக் கண் நிறைந்துவிட்டது. கொழுந்தன் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துப் பார்த்து, சதவீதத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தான். எண்பது என்பான், கொஞ்ச நேரத்தில் எழுபத்தி ரெண்டு என்பான். ஏலம் விடுகிறவன் கீழ்நோக்கி விடுகிற மாதிரி இருந்தது அது. "கொஞ்சம் வாய வச்சிட்டு சும்மா வரியா தம்பி?" என்று அவள் கேட்டால் ஒரு பத்து நிமிஷம் அடங்கியிருப்பான்.

முதல் சார்ஜர் ஒரு பெரிய கடையின் வாகன நிறுத்தத்தில் இருந்தது. கார்களுக்காகப் போட்ட கோடு, லாரி அதில் அடங்கவில்லை. குறுக்கே நிறுத்தி இரண்டு இடத்தை அடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கண்டபடி பேசினான் ஒருவன். அவள் பதிலுக்குப் பேசாமல் பின் கதவைத் திறந்து உள்ளே காட்டினாள். அவன் பார்த்தான், வாயை மூடிக்கொண்டு போய்விட்டான். சார்ஜ் மளமளவென்று ஏறியது. இது நல்ல சகுனம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மதியத்துக்குப் பிறகு ஏற்றம் தொடங்கியது. கொழுந்தனின் ஏலம் வேகமாக இறங்கியது. இறங்க இறங்க அவன் குரலும் இறங்கியது. ஏற்றத்தின் நடுவே, சாலையோரத்துச் சிமெண்டுத் தளத்தில் இருந்த சார்ஜிங் ஸ்டேஷனில் மேஸ்திரி வண்டியைக் கொண்டுபோய் நுழைத்தாள். இரண்டு சார்ஜரின் திரை கறுத்துக் கிடந்தது. ஒன்றின் ஒயரை யாரோ அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். வேலை செய்கிற ஒன்றே ஒன்றுக்கு வரிசையாகக் கார்கள் நின்றன. வெயில் தளத்தில் அடித்து மேலே எழும்பியது.

அவர் விழித்துக்கொண்டார். மூச்சு வேறு மாதிரி இருந்தது. உள்ளே போகிற மூச்சு சின்னதாகவும் வெளியே வருகிறது நீளமாகவும் இருந்தது. மேஸ்திரி பின் இருக்கையில் ஏறி அவர் நெற்றியைத் துடைத்தாள்.

"இன்னும் எவ்ளோ தூரம்?" என்றார்.

"கொஞ்சம்தாங்க. சார்ஜ் போட்டதும் கிளம்பிடலாம்."

கொழுந்தன் ஜன்னல் பக்கம் வந்து நின்றான். போனை அவளிடம் நீட்டினான், பிறகு கையை இழுத்துக்கொண்டான். "அண்ணி, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. மூட்டைய எல்லாம் இங்கயே இறக்கிடுவோம். டயருக்குக் காத்து அடிக்க அந்த மூலையில குழாய் இருக்கு. இப்ப இருக்குற சார்ஜே போதும். ஒரு மணி நேரம், கூடப் போனா ஒன்னரை, பொண்ணு வீட்டு வாசல்ல நிக்கலாம்."

"இதுக்கு மேல ரோடு எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியுமா?" என்றாள் அவள். அவளுக்குத் தெரியும். அந்த ரோட்டில் கண்ணாடி கொண்டுபோயிருக்கிறாள். சிமெண்டுப் பாளங்களைப் பதித்து, பாளத்துக்குப் பாளம் இடைவெளி விட்டுப் போட்ட ரோடு. மூச்சு விடும் நேரத்துக்கு ஒரு முறை தட், தட் என்று அடிக்கும். "காலி வண்டிய அதுல ஓட்டுனா இவரு என்ன ஆவாரு?"

"அண்ணன் மூச்ச பாருங்க அண்ணி." கொழுந்தன் குரல் உடைந்தது. "வரிசையப் பாருங்க."

அவர் கையைத் தூக்கினார். பேச்சு நிற்கட்டும் என்று பட்டறையில் காட்டுகிற அதே கை.

"மூட்டைய இறக்கு மேஸ்திரி."

"உங்களுக்குத் தெரியாதுங்க, அந்த ரோடு..."

"தெரியும். குலுக்கும். குலுக்குனா கத்துவேன். கத்திட்டுப் போறேன், யாருக்கு என்ன நஷ்டம்? உடைஞ்சு போறதுக்கு நான் என்ன கண்ணாடியா? கண்ணாடிதான் முழுசா போய்ச் சேரணும். நான் எப்படியோ போய்ச் சேந்தா சரி."

"என்னால அதக் கேக்க முடியாதுங்க."

சொல்லிவிட்டாள். உள்ளதைச் சொல்லிவிட்டாள். அவருக்கு வலிக்கும் என்பதல்ல, அந்தச் சத்தத்தை மறுபடி தன்னால் கேட்க முடியாது என்பதுதான். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் தோற்ற எத்தனையோ சண்டைகளில் இதுவும் ஒன்று என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். "சரி. உன் இஷ்டம்" என்றார்.

கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனான்.

வரிசையில் நின்றவர்களிடம் அவனே போய்க் கெஞ்சினான். இரண்டு பேர் விட்டுக்கொடுத்தார்கள், ஒருத்தி விடவில்லை, பள்ளிக்கூடத்தில் பிள்ளை காத்திருக்கிறது என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு வழியாக முறை வந்து ஒயரைச் சொருகினால், கொஞ்ச நேரம் ஏறிய சார்ஜ் சட்டென்று படுத்துவிட்டது. வெயிலுக்கு மெஷின் சூடாகி, சொட்டுச் சொட்டாகத்தான் விட்டது. கொழுந்தன் திரைக்கு முன்னால் நின்று பல்லைக் கடித்தான். ஒரு எண் மாறுவதற்குள் அவன் அந்தத் தளத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தான்.

மகள் கூப்பிட்டாள். மேஸ்திரி போனை அவர் காதில் வைத்தாள்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"வந்துட்டே இருக்கோம்டா." குரலை எங்கிருந்துதான் கூட்டிக்கொண்டு வந்தாரோ. "உங்கம்மா பூவ எடுத்துட்டு வர மாதிரி எடுத்துட்டு வரா. ஒரு ஆட்டம் இல்ல, அசைவு இல்ல."

"வலிக்குதாப்பா?"

"இல்லவே இல்ல. நீ எந்திரிச்சிடாத. நானே உள்ள வரேன். தலையணைய மட்டும் வாசல் பக்கம் பாத்து மாத்திப் போட்டுக்க."

"மாத்திட்டேன்பா. காலையிலயே மாத்திட்டேன்."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மேஸ்திரி அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி அசையாமல் நின்றது. கதவைச் சாத்தியிருந்ததால் வெளியே இருந்த இரைச்சல்கூட உள்ளே வரவில்லை. மெத்தைகள் அவள் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. பட்டை நெரிக்கவில்லை. எள்ளளவு குலுக்கல் கிடையாது. அந்தச் சொகுசில்தான், சார்ஜர் கம்பத்தின் அடியில், வெளியே போன மூச்சு ஒன்று திரும்பி உள்ளே வராமல் போனது.

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அடுத்தது வரும் என்று காத்திருந்தாள். டம்ளரில் தண்ணீர் விளிம்பு வரைக்கும் நிறைந்து நின்றது. காலையில் ஊற்றியதில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

ஜன்னலை யாரோ தட்டினார்கள். பின்னால் நின்ற காரின் ஆள். "அம்மா, போற அளவுக்கு ஏறிடுச்சுன்னா கொஞ்சம் எடுங்களேன். இன்னும் எத்தன பேரு நிக்கிறோம் பாருங்க."

அவள் அவனைப் பார்த்தாள். "எடுக்குறேன்" என்றாள்.

இறங்கி ஒயரைப் பிடுங்கிக் கம்பத்தில் மாட்டினாள். வண்டியைத் தளத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோனாள். கொழுந்தன் ஓடி வந்து பின் கதவைத் திறந்து, அண்ணன் முகத்தைப் பார்த்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் தொட்டியின் பின் பலகையைத் திறந்தாள். முதல் மூட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினாள். பிறகு அடுத்தது. அவர் சொன்னபோது தொடாத மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஒரு மூட்டை கிழிந்து மணல் காலில் கொட்டியது. கொழுந்தன் எழுந்து வந்து கை கொடுக்கப் பார்த்தான். "தொடாத. நான் ஏத்துனது" என்றாள். அவன் மூலையிலிருந்த குழாயை இழுத்து வந்து, அழுதுகொண்டே டயருக்குக் காற்று அடித்தான்.

"பொண்ணுகிட்ட போன்ல சொல்லிடாதீங்க அண்ணி" என்றான். "அவ இருக்குற நெலமையில... நேர்ல போய், பக்கத்துல உக்காந்துதான் சொல்லணும். மாப்பிள்ளைக்கு மட்டும் நான் மெசேஜ் போட்டுடுறேன்."

அவள் தலையசைத்தாள்.

இப்போது கொழுந்தன் பின்னால் ஏறி, அண்ணனைத் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டான். மேஸ்திரி ஆக்சிலேட்டரை அமுக்கினாள். பாளம் போட்ட ரோடு வந்ததும் காலி லாரி துள்ளிக் குதித்தது. தட், தட், தட் என்று ஒவ்வொரு இடைவெளியும் முதுகில் ஏறியது. டம்ளர் குழியிலிருந்து எகிறி விழுந்து இருக்கைக்கு அடியில் உருண்டது. பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. வாழ்நாளில் அவள் அப்படி வண்டி ஓட்டியது கிடையாது. பள்ளம் தெரிந்தும் அதில் இறக்கினாள்.

"கத்துங்க" என்றாள், கண்ணாடியைப் பார்த்து. "ஏங்க, கத்துறேன்னு சொன்னீங்கல்ல? கத்துங்க. நான் கேக்குறேன். இப்ப கேக்குறேங்க."

"அண்ணி" என்றான் கொழுந்தன்.

நகரத்தின் முதல் வீடுகள் தெரிந்தன. சொன்ன மாதிரியே ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. காலையிலிருந்து சதவீதத்தை ஏலம் விட்டுக்கொண்டு வந்தவன் இப்போது திரைப் பக்கம் தலையே திருப்பவில்லை. அதனால் அவளே பார்த்தாள். அந்த ஸ்டேஷனில் வெயிலில் காத்துக் கிடந்து ஏற்றியது எவ்வளவோ, அதைவிட அதிகமாகவே மிச்சம் இருந்தது. அங்கே ஒயரைச் சொருகாமலே வந்திருக்கலாம். அவர் சொன்ன நிமிஷமே கிளம்பியிருந்தால், கத்திக்கொண்டேயாவது, அந்தத் தலையில் கை வைத்திருப்பார்.

வண்டியின் ஸ்பீக்கரில் மணி அடித்தது. மகள். கொழுந்தன் வேண்டாம் என்று கையை ஆட்டுவதற்குள் அவள் விரல் பழக்கத்தில் பட்டனை அமுக்கிவிட்டது.

"அம்மா, கிட்ட வந்துட்டீங்களா?"

"வந்துட்டோம்டி. தெரு திரும்பணும்."

"அப்பா என்ன பண்றாரு?"

கொழுந்தன் வாயைப் பொத்திக்கொண்டான். மேஸ்திரி ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்தாள். அவள் பதில் சொல்வதற்குள் சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறியது, லாரி மொத்தமும் தடதடவென்று அதிர்ந்தது. அது அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும்.

"ஐயோ, ஏம்மா இப்படித் தூக்கித் தூக்கிப் போடுது?" என்றாள் மகள். "அப்பாவுக்கு வலிக்கப் போகுதும்மா. நான் எங்கயும் ஓடிப் போயிட மாட்டேன். நீ மெதுவா ஓட்டு."

மேஸ்திரி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள்.

"சரிடி" என்றாள். "மெதுவாவே வரேன்."